வெளித்தாழ்ப்பாள்

கொதிகலன் அறை மூடியின் பக்கத்தில் குந்தியபடி ஓட்டோ கால்வைட் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். கீழே அவன் தங்கை பெர்ட்டாவின் புருஷன் ஃபிரிட்ஸும் இன்னும் மூன்று பேரும் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

டான்சிக் வளைகுடாவில் அன்று புது டார்ப்பிடோ படகின் வேக ஓட்டம். பேசிய வேகத்தைத் தொட்டால்தான் கப்பற்படை வாங்கிக்கொள்ளும். அதற்காகத் தகட்டையெல்லாம் மெலிதாக்கி, உள்ளே கொதிகலனும் எஞ்சினுமாக அடைத்துவிட்டு, மனிதனுக்கு எலிப்பொந்து அளவு இடம் விட்டிருந்தார்கள். அடுப்பு சீறி எரிய மூடிய அறைக்குள் விசிறி காற்றைத் திணிக்கும். அதனால் வாசலுக்கு மேலே மூடி, கீழே உள்கதவு என்று இரண்டு கதவு, நடுவில் ஒரு சிறு கூண்டு. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்கவேண்டும். இரண்டும் ஒன்றாகத் திறந்தால் காற்று வெளியே பாயும், அடுப்புத் தீ திரும்பி ஆட்களின் முகத்தில் அடிக்கும். நுரையீரல் கெடும்வரை ஓட்டோவும் உள்ளே கரி அள்ளியவன்தான். இப்போது கதவுக்குக் காவல்; உள்கதவு கூண்டுப் பக்கமிருந்துதான் திறக்கும்.

காலையில் படகேறும்போதே ஃபிரிட்ஸ் சொல்லியிருந்தான்.

"மச்சான், ஒரு குழாய் கசியுது. இஞ்சினியர்கிட்ட சொன்னேன். அழுவுற குழாய்க்குக் கைக்குட்டை குடுன்னு சிரிக்கிறாரு."

"அப்ப இன்னிக்கு இறங்காதடா."

"இறங்கலேன்னா நாளைக்கு நானும் பெர்ட்டாவும் உன் வீட்டு உருளைக்கிழங்குக்குத்தான் வரணும். உன் பொண்டாட்டி விளக்குமாத்த எடுப்பா, பரவாயில்லையா?"

ஓட்டோவும் சிரித்துவிட்டான்.

கரி அள்ளும் சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டு. இப்போது அது நின்றது. பிறகு உள்கதவை யாரோ கரிவாரியால் இடிக்கும் சத்தம்.

"ஐயா, தட்டுறாங்க!"

இஞ்சினியர் ரேஃபெல்ட் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தட்டட்டும். வேகம் அளக்கிற அடுத்த கம்பம் கரையில வர்ற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது."

"குழாய் வெடிச்சிருக்கும், ஐயா. வெந்துபோயிடுவாங்க."

"காத்து போனா வேகம் போயிடும். நீ உக்காரு."

மறுபடி இடித்தது. இந்த முறை அடி தளர்ந்திருந்தது. ஓட்டோ மூடியைத் தூக்கிக் கூண்டுக்குள் இறங்கினான். மேலே இஞ்சினியர் கத்தினார். மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்கதவுக்குப் பாயத்தான் முதலில் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூடியை இழுத்துச் சாத்தி, பிறகுதான் உள்கதவைத் திறந்தான்.

ஆவி மூஞ்சியில் அறைந்தது. ஒருவர் மேல் ஒருவராக மூன்று பேர் விழுந்தார்கள். ஃபிரிட்ஸ் கடைசியாக வந்தான். அடுப்பின் வாயை மூடிவிட்டு வந்தவனுக்கு இரண்டு கையிலும் தோல் தொங்கியது.

"மேல்மூடியச் சாத்தினியா, மச்சான்?"

"சாத்தாம வருவனாடா, எருமை!" என்று சொல்லும்போதே ஓட்டோவுக்கு அழுகை வந்துவிட்டது.

படகு வேகம் குறைந்து தள்ளாடியது. கப்பற்படை அதிகாரி உதட்டைப் பிதுக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

கை ஆறியபின் பார்க்கலாம் என்று ஃபிரிட்ஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் இடத்துக்கு நவ்யோக்ஸ் என்று ஒருவனை எடுத்தார்கள். ஓட்டோவை வேலையைவிட்டு நீக்குவார்கள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த ஓட்டத்தன்று இஞ்சினியர் அவனைக் கூப்பிட்டு, ஒரு தாழ்ப்பாளையும் திருகாணிகளையும் கையில் கொடுத்தார்.

"உனக்கு இளகின மனசு, ஓட்டோ. திறக்கலாமா வேணாமான்னு இனிமே நீ தவிக்க வேணாம். மூடிக்கு வெளிப்பக்கம் மாட்டு. பூட்டுச் சாவி என்கிட்ட இருக்கும்."

வீட்டில் இப்போது பெர்ட்டாவும் ஃபிரிட்ஸும் அவன் மேசையில்தான் சாப்பிட்டார்கள். ஓட்டோ மாட்டினான்.

இறங்க வந்த நவ்யோக்ஸ் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தான். "பளபளன்னு இருக்கே. எதுக்குண்ணே இது?"

"காத்து போகாம இருக்க."

"உங்க மச்சானக் காப்பாத்துனது நீங்கதானாமே. நீங்க மேல இருந்தா எனக்குப் பயமே இல்லண்ணே."

அவன் உள்ளே இறங்கினான். ஓட்டோ மூடியைச் சாத்தினான்.

"சரியா விழுதான்னு பாரு" என்றார் இஞ்சினியர்.

ஓட்டோ தள்ளினான். எண்ணெய் நன்றாக விட்டிருந்ததால் தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விழுந்தது.