மூடிய பெட்டிக்கு வாய்க்கரிசி

என் வீட்டுக்காரர் ராஜமாணிக்கத்துக்குப் பொய் சொல்ல வராது. போர்ட் பிளேயர் துறைமுகத்தில் இத்தனை வருஷம் காண்ட்ராக்ட் எடுத்தும் வராது. அழுகின மீனை வாங்கி வந்தால்கூட வாசலிலேயே முகம் காட்டிக் கொடுத்துவிடும். அந்த மனுஷன்தான் என்னிடம் அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னார்.

எல்லையில் சண்டை மூண்டபோது எங்கள் மரைன் ஹில் பகுதியிலேயே நிம்மதியாக இருந்தவள் நான்தான். என் ஒரே மகன் பாலகுமார் விமானப்படையில் விமானம் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது இங்கே, தீவிலேயே. “சண்டையெல்லாம் மெயின்லேண்ட்லதான் சொர்ணம்மா. எம்புள்ள என் தலைக்கு மேலதான் சுத்திட்டிருக்கான்” என்று எதிர்வீட்டில் போய்ப் பீற்றிக்கொண்டேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

சண்டை வந்ததும் பயிற்சியை முடுக்கிவிட்டார்கள். பாலு வீட்டுக்கு வருவதே நின்றுபோனது. கடைசியாக வீடியோ காலில் வந்தபோது மேலுதடு மொழுக்கென்று இருந்தது.

“என்னடா இது, உரிச்ச பனங்கிழங்காட்டம்?”

“சண்டை முடியிற வரைக்கும் மீசை கிடையாதுன்னு எங்க பேட்ச்ல பந்தயம்மா. அப்பாகிட்ட சொல்லிடாத, குதிப்பாரு.”

குதிக்கத்தான் செய்வார். மகனுக்கு மீசை அரும்பியபோது தெருவெல்லாம் லட்டு கொடுத்தவர். நான் சொல்லவில்லை.

மறுநாளே ஹேவ்லாக் தீவுப் பக்கம் அவன் ஓட்டிப் பழகிய விமானம் கடலில் விழுந்தது. சொல்லிக்கொடுத்த அதிகாரியும் போனார், என் பிள்ளையும் போனான். சண்டையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் போனான்.

கொடி போர்த்திய பெட்டியைக் கூடத்தில் இறக்கினார்கள். நான் கைநிறைய அரிசியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவன் எனக்குப் போட வேண்டிய அரிசி. இருக்கட்டும், பெற்ற பிள்ளையை வெறும் வாயோடு அனுப்ப மாட்டேன்.

“மாதாஜி, பாக்ஸ் நஹி குலேகா” என்று, பெட்டியைத் திறக்க முடியாதென இந்தியில் சொன்னார் ஓர் இளம் அதிகாரி.

“ஏன் குலேகா இல்ல? பத்து மாசம் சுமந்தவ நானா, நீயா? கோலோ! தொற!”

பெட்டி மேல் விழுந்து மூடியைப் பிறாண்டினேன். சொர்ணம்மா பிடித்து இழுத்தாள். அதிகாரி என் வீட்டுக்காரரை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து இவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சுசீலா, வீட்டுக்குக் கொண்டாறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில எனக்குத் தொறந்து காட்டுனாங்க. ஒருத்தருக்குத்தான் அனுமதி. நம்ம புள்ள தூங்குற மாதிரிதான் இருந்தான்.”

“முகம்?”

“ஒரு கீறல் இல்ல.”

“மீசை?”

அவர் தன் மீசையைத் தொட்டுக்கொண்டார். “இருந்துச்சுடி. நல்லா முறுக்கிவிட்ட மாதிரி இருந்துச்சு.”

ஐயோ, என் சாமி! அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முகமே இல்லை. பெட்டிக்குள் பாலுவே இருந்தானோ என்னவோ. அதைத் தெரிந்துகொண்டுதான் இந்த மனுஷன் நெஞ்சு வெடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் இன்னொரு தரம் அழுது அடம்பிடித்தால் அவரும் செத்துவிடுவார்.

அரிசியை அவர் கையில் கொட்டினேன். “அப்போ நீங்களே போட்டுடுங்க. உங்களுக்குத்தானே தொறந்து காட்டுவாங்க. சுடுகாட்டுல போடுங்க.”

போய் வந்து, “போட்டுட்டேன்” என்றார். “நல்லா வாங்கிக்கிட்டானா?” என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில், அவர் சுடுகாட்டுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் அரிசி அப்படியே இருந்தது. ஒரு மணி குறையவில்லை. பெட்டி மேலாவது போட்டிருக்கலாம். மனசு வரவில்லை போலிருக்கிறது.

சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு படகுத்துறைக்கு இறங்கினேன். ஹேவ்லாக் போகிற கப்பல் டூரிஸ்ட்டுகளோடு கிளம்பிக்கொண்டிருந்தது. அது போகும் வரை காத்திருந்தேன். பிறகு குனிந்து, அரிசியைத் தண்ணீரில் விட்டேன்.

“வாயைத் தொறடா பாலு. அம்மாடா.”

அழுது தீர்த்துவிட்டுத்தான் வீடு ஏறினேன். அவர் வாசலில் நின்றார். கொடியில் காய்ந்த தன் சட்டையைப் பார்த்தார், என் ஈர முந்தானையைப் பார்த்தார்.

“எங்க போயிட்டு வர்ற?”

“கோயிலுக்கு.”

சாவு விழுந்த வீட்டில் யாராவது கோயிலுக்குப் போவார்களா? அவருக்குத் தெரியாதா?

“நல்லா கும்பிட்டியா?” என்றார்.

“நல்லா கும்பிட்டேங்க” என்றேன்.