அவள் சாப்பிட்டால்தான் அவருக்குச் செரிக்கும்

பெயிண்ட் கம்பெனியில் வண்ணம் கலப்பவர் மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிடும் சாப்பாடு, இரண்டு மணிக்கு ஒரு பெண் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் செரிக்கத் தொடங்கும். அந்தப் பெண் அவருடைய மனைவி அல்ல. இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அவர் வயிறு, கலவை இயந்திரம் போல உறுமிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இதே தாமதம்தான். காரணம் என்னவென்று மூன்று வருடமாக யாரும் கேட்கவில்லை. வயிறு அவருடையது, அவர் பாடு.

மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. வாசல் அறையில் உட்கார்ந்து ஆட்கள் வந்த நேரம், போன நேரம் குறிப்பது, சாப்பாட்டுச் சங்கு ஊதுவது, யார் ஒரு மணிப் பந்தி, யார் இரண்டு மணிப் பந்தி என்று பலகையில் டோக்கன் மாட்டுவது. கல்யாணமாகி முதல் ஒன்பது வருடம் அவர் ஒல்லிக்குச்சியாக இருந்தார். எதைச் சமைத்து வைத்தாலும் நாலு வாய், அப்புறம் “வயிறு கல்லு மாதிரி இருக்கு” என்று எழுந்துவிடுவார். பிறகு திடீரென்று தேறினார். கன்னம் வந்தது, தொப்பை எட்டிப் பார்த்தது. எல்லாம் தன் கைப்பக்குவம் என்று மூன்று வருடமாக நாத்தனாரிடமும் ஓரகத்தியிடமும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓரகத்தி அவளிடம் சமையல் குறிப்புகூடக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

வருடாந்தரப் பரிசோதனையில் கம்பெனி டாக்டர் அவருடைய ரத்தத்தை மணிக்கொரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு மனைவியை அழைத்தார்.

“வயித்துச் சுவர்ல சில செல்லுங்க இருக்கும்மா. சாப்பாடு உள்ளே வந்ததும் காஸ்ட்ரின்னு ஒரு ஹார்மோனை ரத்தத்துல விடும். அது உடம்பு பூரா ஒரு சுத்து சுத்திட்டு, திரும்ப அதே வயித்துக்கு வந்து, பக்கத்து செல்லுங்ககிட்ட ‘அமிலத்தைத் திறந்து விடு’ன்னு சொல்லும். லெட்டர் மாதிரி. உங்க வீட்டுக்காரருக்கு லெட்டர் எழுதற செல்லே கிடையாது.”

“அப்ப எப்படி டாக்டர் செரிக்குது?”

“லெட்டர் வெளியிலேருந்து வருது. இன்னொருத்தர் வயித்துலேருந்து.”

“யாரு வயித்துலேருந்து?” என்றாள் அவள். இதனால் அவர் உயிருக்கு ஆபத்து உண்டா என்று கேட்கவில்லை. டாக்டர் பிற்பாடு இதைப் பலரிடம் சொல்லிச் சிரித்தார்.

கண்டுபிடிக்க அவளுக்கு ஆறு நாள் ஆனது. இரண்டு மணிப் பந்தியில் அறுபத்திரண்டு பேர். கேண்டீனில் நெரிசல் என்று சொல்லி, முதல் நாள் அதில் பாதிப் பேரின் டோக்கனை ஒரு மணிக்கு மாற்றினாள். அன்று கணவரின் வயிறு ஒன்று ஐந்துக்கே உறுமியது. ஆகவே ஆள் அந்தப் பாதியில். மறுநாள் அதிலும் பாதி. ஆறாம் நாள் ஒரே ஒரு டோக்கன் மிஞ்சியது. டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிறவள். மூன்று வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்து அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடிவந்தவள், புருஷன் இல்லாதவள், நகக்கண்ணில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். வண்ணம் கலப்பவரிடம் அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

மனைவி கேண்டீனில் எதிரே போய் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். முகத்தில் அழகு இருந்தாலும் மனதைத் தேற்றிக்கொள்ளலாம், அதுவும் இல்லை. நிதானமாக, எல்லாவற்றையும் நன்றாக மென்று சாப்பிட்டாள்.

“என்னக்கா, என் டிபன் பாக்ஸையே பாக்கறீங்க? வேணுமா?”

“உன் சாப்பாடு எனக்கெதுக்கு? ஏற்கெனவே வீட்ல ஒருத்தர் உன் தயவுலதான் சாப்பிடறாரு.”

லேபிள்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பெனிக்கு இரண்டே நாளில் எல்லாம் புரிந்துவிட்டது.

வண்ணம் கலப்பவர், பாவம், “நான் என்னடி பண்ணினேன்? அந்தம்மாவை நான் நிமிர்ந்துகூடப் பாத்ததில்லை” என்றார்.

“பாத்திருந்தா சண்டை போட்டுத் தீத்திருப்பேன். பாக்காமலேயே உள்ளே வந்து உக்காந்திருக்காளே, அதுக்கு என்ன செய்யட்டும்?” என்றாள் மனைவி. அந்த நேரம் பார்த்து, எங்கேயோ லேபிள்காரி எதையோ கொறித்திருக்க வேண்டும். அவர் வயிறு சந்தோஷமாக உறுமியது. அவ்வளவுதான். மனைவி துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு எண்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

நாலாம் நாள் வண்ணம் கலப்பவர் விட்ட ஏப்பத்தில் எதிர்ச் சுவரின் பச்சைப் பெயிண்ட் உரிந்து விழுந்தது. எட்டாம் நாள் சட்டைப் பொத்தான்கள் கரைந்தன. நெஞ்சு முழுக்க நெருப்பு. லேபிள்காரி சாப்பிடும்போதெல்லாம் அமிலம் குடம் குடமாகத் திறந்துகொண்டது. மூடச் சொல்ல ஆள் இல்லை. டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்தார், பிறகு அக்கா வீட்டுக்குப் போன் போட்டார்.

“அமிலம் வயித்தைத் தாண்டிச் சிறுகுடலுக்கு வந்ததும், அங்கே இருக்கற செல்லுங்க செக்ரிடின்னு இன்னொரு லெட்டர் போடும்மா. அது கணையத்துக்குப் போய், புளிப்பை அடக்கற சோடாத் தண்ணியை வரவழைக்கும். வயித்தையும் ‘போதும், மூடு’ன்னு சொல்லும். உங்க வீட்டுக்காரருக்கு அந்தச் செல்லும் கிடையாது. இத்தனை நாளா அந்த லெட்டர் உங்ககிட்டேருந்து வந்திருக்கு. நீங்க பஸ் ஏறினதும் நின்னுபோச்சு.”

“நிச்சயமா என்னோடதுதானா? அவளோடது இல்லையே?”

“வந்து நீங்களே பாருங்க.”

வந்தாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து இரண்டு துண்டு ரொட்டி தின்றாள். பதினைந்து நிமிடத்தில் கணவரின் நெஞ்செரிச்சல் தணிந்தது. அவளுக்குத் திருப்தி இல்லை. இன்னும் இரண்டு முறை செய்து காட்டச் சொன்னாள். அதே நாற்காலியில் லேபிள்காரியையும் உட்காரவைத்து, அதே ரொட்டியைக் கொடுத்து, நெருப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வலியில் முனகிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் திரும்பி, “பத்த வைக்கறது அவ, அணைக்கறது நான். இதுல எது டாக்டர் ஒசத்தி?” என்றாள். “அணைக்காட்டி ஆள் இல்லம்மா” என்றார் டாக்டர். பத்த வைக்காவிட்டால் ஆள் மறுபடி ஒல்லிக்குச்சிதான் என்பதை அவர் சொல்லவில்லை; அவருக்கும் குடும்பம் இருந்தது.

அதன் பிறகு மூவரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். லேபிள்காரி முதல் வாய் வைப்பாள், வண்ணம் கலப்பவர் தொடர்வார், மனைவி கடைசியில். ஐந்து வருடம் இப்படியே போனது. மனைவி ஒரு நாள்கூட லேபிள்காரியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, வேலையை விட்டுவிட்டு வெளியூரில் மகளோடு இருக்கப்போவதாக லேபிள்காரி சொன்னாள். இந்தக் கடிதங்கள் இரண்டு தெருவுக்கு மேல் போவதில்லை என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மனைவி மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினாள் என்றும் சொல்ல வேண்டும். நாலாம் நாள் காலையில் லேபிள்காரியின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“எங்க மாடி அறை காலியாத்தான் இருக்கு. மகளையும் கூட்டிட்டு வந்துடு.”

“நீங்களா கூப்பிடறீங்க? என்னைக் கண்டாலே உங்களுக்கு ஆகாதே அக்கா.”

“ஆகாதுதான். இனிமேலும் ஆகாது. அதுக்காக அவரைத் திரும்பப் பட்டினியாக் காயவிட முடியுமா?”

லேபிள்காரி நகக்கண்ணில் காய்ந்த பசையை உரித்தாள். “அறையில ஜன்னல் இருக்கா?” என்று கேட்டாள்.

இரண்டு ஜன்னல். மகள் ஒரு மாதம் கழித்து வந்து சேர்ந்தாள். வண்ணம் கலப்பவர் எழுபத்தாறு வயது வரை நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகச் செரித்து வாழ்ந்தார். மனைவிக்குப் பொறாமை கடைசி வரை குறையவில்லை, தினமும் மூன்று வேளை மாடிப்படியின் கீழே நின்று, பற்களைக் கடித்துக்கொண்டு, “சாப்பிட உக்காந்துட்டியா இல்லியா?” என்று மேலே பார்த்துக் கத்துவாள். அக்கம்பக்கத்தில் அந்தக் குரல் கேட்ட பிறகுதான் அடுப்பை அணைப்பார்கள்.