கண் திறக்க நாள் பார்த்த படம்

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம். ரெம்பாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், சன்னாசியின் வாழ்க்கையைச் சினிமாவாக எடுக்க ஒரு ஜப்பான் கேப்டன் கேமராவோடு வந்து இறங்கினான். வெள்ளைக்காரனால் வதைபட்ட ஓவியனின் கதையாம். எழுதியவர் தோட்டத்துக் கணக்கைப் பார்க்கும் கிராணி சிவசுப்பிரமணியம். துரைக்குக் குனிந்து பழகிய முதுகை இப்போது டோக்கியோப் பக்கம் திருப்பிக் குனிய வைத்திருந்தார்.

சன்னாசி பால்மரங்களுக்கு நம்பர் எழுதுகிறவன். கோயில் சுவரில் சாமியும் வரைவான். மரவள்ளிக்கிழங்கு தின்றும் தொப்பை கரையாத ஆள்.

"முகத்திலே வேதனையைக் காட்டும். துரை உம்மைச் சவுக்காலை அடிச்சவன் எல்லோ?" என்றார் கிராணி.

"துரை தன் நாயை வரையச் சொல்லி பிராந்தி குடுத்தாருங்க. அடிச்சது நீங்கதான், கிராணி ஐயா."

"அது கதைக்குத் தேவையில்லை."

சன்னாசியின் வேதனை வேறு. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் தோட்டம் தோட்டமாக லாரியில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவன் எவனும் திரும்பவில்லை. படம் முடியும்வரை சன்னாசியைத் தொடமாட்டார்கள். முடிந்ததும் லாரி.

கடைசிக் காட்சியில் ஓவியன் முனியாண்டியை வரைந்து முடித்து, அங்கேயே உயிரை விடவேண்டும். சன்னாசி மீசையை வரைந்தான், அரிவாளை வரைந்தான், குதிரைக்கு ஒவ்வொரு மயிராக வரைந்தான். கண்ணை மட்டும் வைக்கவில்லை.

"சாமிக்குக் கண்ணு தொறக்க நாள் பாக்கணும்லா. கண்ட நேரத்துல தொறந்தா, மொதப் பார்வை பட்டவன் பொசுங்கிப் போவான்."

மழைக்காலம் வந்து போனது. சிரம்பான் கொட்டகைத் திரையில் தன் பெயரைப் பார்க்கத் துடித்த கிராணிக்குப் பொறுக்கவில்லை. தானே பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"நாளைக்குக் காலமை நல்ல நேரம். கண்ணைத் திறவும்."

லாரிக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

காலையில் தூரிகை சன்னாசியின் கையில் நடுங்கியது. கிராணி பரவசமாகிவிட்டார். "இதுதான் வேதனை! இதை எடுக்கவேணும்!" என்று குதித்தார்.

கேப்டன் எடுக்கவில்லை. சன்னாசியை அருகில் அழைத்து, கிராணிக்குத் தெரியாமல் கேமராவின் பக்கக் கதவைத் திறந்து காட்டினான். உள்ளே பிலிம் இல்லை. ஒரு சோப்புக்கட்டியும் காய்ந்த கருவாடும் இருந்தன.

படம் முடிந்தால் தனக்கு பர்மா சண்டைதான் என்று அரைகுறை மலாய் மொழியில் அவன் காதில் கிசுகிசுத்தான்.

சன்னாசி தூரிகையைக் கழுவி வைத்தான்.

"பல்லி கத்துச்சு கிராணி ஐயா, கேக்கலீங்களா?"

"இல்லையே!"

"கத்துச்சுங்க. இந்த மாசம் பூரா நாளே சரியில்ல."

தமிழில் ஒரு சொல்லும் தெரியாத கேப்டன் பலமாகத் தலையாட்டினான்.