பத்து ஏக்கர்

பக்கத்து வீட்டு மைக் பார்பியேரி பீரும் கையுமாகப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டான். கேட்டி என்கிற இந்த அமெரிக்க ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்கு அது பழக்கம்தான். அன்று எங்கள் பேக்யார்டு க்ரில்லில் கோழி வெந்துகொண்டிருந்தபோது தன் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டான். பார்பியேரி என்றால் இத்தாலியில் பார்பர் என்று அர்த்தமாம். பிரான்சில் அதே பெயர் பார்பியே, ஹங்கேரியில் போர்பேய். கொள்ளுத்தாத்தா சவரக் கத்தியோடு கப்பலேறி வந்தவராம். அதைச் சொல்வதில் அவனுக்கு என்ன பெருமை!

நாலு முறை ‘பார்பர்’ காதில் விழுந்ததும் அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு எங்களருகே வந்துவிட்டார். ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார், ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் தாராபுரம் பஸ் ஸ்டாண்டு எதிரே அவர் கடை போர்டில் முப்பது வருடம் இருந்த வார்த்தை அது. முகமெல்லாம் சிரிப்பு.

கிட்டுசாமி என்றால் என்ன அர்த்தம் என்று மைக் என்னைக் கேட்டான். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, விசா படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று அப்பா பெயரைப் போட்டேன், இப்போது மனைவி வள்ளியும் மகள் மானஸாவும்கூட கிட்டுசாமிதான், இதோ இவர்தான் அசல் என்றேன். மைக்குக்கு ஒரே குஷி. அவர் என்ன தொழில் செய்தார் என்றான்.

விருந்துக்கு வந்து தட்டோடு நின்ற பாலசுப்ரமணியன் திரும்பினார். அவருக்கும் ஊர் எங்கள் பக்கம்தான். தாராபுரத்தில் எந்த வீதி, யார் வகையறா என்று மூன்று வருடமாக நோண்டுகிறார். எங்கள் சாதி தெரிந்தால் நாளைக்கு ஒரு தமிழ் வீட்டிலும் விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குப் பயம்.

“அக்ரிகல்ச்சர்,” என்றேன்.

அந்த வார்த்தையும் அப்பாவுக்குத் தெரியும். சீ, நானெல்லாம் ஒரு மகன்!

“எத்தன ஏக்கருங்க அங்கிள்?” பாலசுப்ரமணியன் விடவில்லை.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. “பத்துங்க தம்பி. தென்னந்தோப்பு.”

பொய் சொன்னால் பல்லை உடைப்பேன் என்று என்னை வளர்த்த மனுஷன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மைக் போனை நீட்டினான். கொள்ளுத்தாத்தாவின் கடை, பழைய படம். அப்பா வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினார். கண்ணாடியைப் பார்த்தார், கத்தி தீட்டும் தோல்வாரைப் பார்த்தார், நாற்காலிக்கு வந்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது.

“டேய், இந்தச் சேரு பின்னால சாயுமான்னு அவருகிட்ட...”

பாலசுப்ரமணியன் எட்டிப் பார்த்தார். அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“படம் நல்லா இருக்குதுன்னு சொல்லுடா.”

சொன்னேன்.