பதினாலாயிரம் அடி

காலை ஆறு பத்துக்கு மாமியார் கதவைத் தட்டினாள். ஆறு பன்னிரண்டுக்கு இடித்தாள்.

"உள்ள என்ன பண்றே? டீக்கு அடுப்புகூடப் பத்த வைக்கலியே! உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்காகத்தான் அத்தை. எக்சர்சைஸ் பண்றேன்."

மாமியார் கூடத்துப் பக்கம் திரும்பினாள். பிறகு, "டேய், இங்க வந்து பாருடா! உன் பொண்டாட்டி கதவைச் சாத்திக்கிட்டு எக்சர்சைஸ் பண்றாளாம்!" என்று தெருவுக்கே சேதி போயிற்று.

மருமகள் எழுந்து, தரையில் விரித்திருந்த போர்வையை மடித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். காலை நீட்டித் தூக்க வேண்டியது இருபது தடவை; நாலுதான் முடிந்திருந்தது. பிசியோதெரபி டாக்டரம்மா போன வாரம் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "தினம் அரை மணி நேரம் செய்யணும். இல்லேன்னா ரெண்டு வருஷத்துல முட்டி ஆபரேஷன்தான். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது." அதை வீட்டில் சொன்னபோது எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அரை மணி நேரம் என்றதும் உச்சுக்கொட்டுவது நின்றுபோயிற்று.

கணவன் ஒரு பெரிய அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட். தூக்கம் கலைந்த எரிச்சலில் வந்து செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இந்தா பாரு. நேத்து பதினாலாயிரத்து முந்நூறு அடி நடந்திருக்கே. பத்தாயிரமே போதும்னுதானே எல்லாரும் சொல்றாங்க? இதுக்கு மேல உனக்கு எதுக்குத் தனியா எக்சர்சைஸ்?"

"அது வீட்டு வேலைங்க. அதுலதான் முட்டியே போச்சு. டாக்டரம்மா சொல்றது வேற."

"எல்லாம் அதே கால்தானே?" என்றான்.

அந்தப் பதினாலாயிரம் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவன் அலுவலகத்தில் மூன்று மாத நடைப் போட்டி. ஆளுக்கொரு பட்டை கொடுத்தார்கள். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் நடக்கிற அடிகளை எண்ணிச் செல்போனில் காட்டும், ஆபீசுக்கும் அனுப்பிவிடும். முதல் வாரம் அவன் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டவில்லை. ஒருநாள் குளிக்கக் கழற்றியவன் மறந்து விட்டுப்போனான். தொலைந்துவிடப் போகிறதே என்று மருமகள் எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். அன்று ஆபீசிலேயே அவன்தான் முதலிடம்.

மறுநாளிலிருந்து தினமும் மறந்தான். பட்டையில்லாத கை தெரியாதபடி முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்ள மட்டும் மறக்கவில்லை. அவள் அடுப்படிக்கும், துணி காயப்போடும் மாடிக்கும், மாமியார் அறைக்கும் அவனுக்காக நடந்தாள். ஆக, ஆபீசில் அந்த எண்ணிக்கை அவனுடையது. வீட்டில் வாக்குவாதம் என்று வந்தால் மட்டும் அவளுடையது.

பரிசளிப்புக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று பட்டை அவன் கையில் இருந்தது. கோப்பையோடு, சுருட்டிக் கட்டிய பயிற்சிப் பாய் ஒன்றையும் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எவ்வளவு வேலை இருந்தாலும் நமக்குன்னு அரை மணி நேரம் ஒதுக்கிக்கணும்," என்றான் மைக்கில். "யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நம்ம உடம்பை நாமதானே பாத்துக்கணும்?"

மண்டபமே கைதட்டியது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருமகளும் தட்டினாள். யோசனை நல்லதாகத்தான் பட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பரிசுப் பாயை விரித்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமியார் தட்டினாள், இடித்தாள். "அவரு மேடையில சொன்னதைத்தான் அத்தை செய்றேன்," என்று பதில் வந்தது. போட்டி முடிந்தும் எண்ணிக்கை ஆபீசுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அவன் பட்டையைக் கழற்றி வைத்தால், "மறந்துட்டீங்க," என்று வாசல் வரை வந்து கட்டிவிட்டாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவன் வெளிறிப்போய் வந்தான்.

"ஆபீஸ் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினாரும்மா. திடீர்னு ஆயிரத்து எண்ணூறுக்கு இறங்கிட்டேனாம். உள்ளுக்குள்ள ஏதோ வியாதியோன்னு பயப்படறார். தினம் அரை மணி நேரம் எக்சர்சைஸ் பண்ணியே ஆகணுமாம்." உண்மையைச் சொல்ல வழியில்லாமல் அவரிடம் தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

மாமியார் நெஞ்சில் கை வைத்தாள். "ஐயையோ! உடம்புதானேடா முக்கியம்! நாளைக்கே ஆரம்பி. காலைல ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கோ. ஒருத்தரும் தட்டாம நான் பாத்துக்கறேன்." மருமகள் பக்கம் திரும்பினாள். "அந்தப் பாயை அவன்கிட்ட குடும்மா."

மருமகளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"பாய் எதுக்கு அத்தை? ஆறு மணிக்கு எந்திரிச்சு டீ போட்டு எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். உங்களுக்கு வெந்நீர் வச்சுத் தரட்டும். துணியை மாடிக்குத் தூக்கிட்டுப் போகட்டும். பதினாலாயிரம் தானா வந்துடும். எனக்கு அப்படித்தான் வந்துச்சு."

மாமியார் மகனைப் பார்த்தாள். மகன் பட்டையைப் பார்த்தான்.

மறுநாள் ஆறு பத்துக்குக் கதவு தட்டப்பட்டது, மெதுவாக.

"சர்க்கரை டப்பா எங்க இருக்கு?"

"பதினேழு," என்றது உள்ளிருந்து அவள் குரல். "பதினெட்டு."

அவன் மறுபடி அடுப்படிக்கு நடந்தான். பட்டை அதையும் எண்ணிக்கொண்டது.