முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

1.

ஒரு பகிடி பிசகிப்போனதால்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. டென்மார்க்கில் இக்காஸ்ட் துணி ஆலையில், போன வாரம், தேநீர் நேரம். சாயப் பிரிவு மனோரஞ்சிதம் மேசையில் குத்திச் சொன்னார்:

"அடுத்த கிழமை சனிக்கிழமை நாங்கள்தான் வெல்லுவம். கோபன்ஹேகன் பொடியளுக்கு ஜிம்மில ஊதின உடம்பு. எங்கட பொடியள் துணி உருளை தூக்கின உடம்பு. தள்ளிப் பாக்கட்டும்!"

அமெரிக்கன் ஃபுட்போல், டென்மார்க்கின் இறுதி ஆட்டம். அவருடைய மகன் காலேப் எங்கள் ஊர் அணியின் முன்வரிசையில் நிற்பவன். பந்தைத் தொடவே மாட்டான். எதிரே நிற்பவனைத் தள்ளுவதுதான் வேலை.*

"விளையாட முன்னமே வெண்டிட்டியளோ, மனோ அக்கா?" என்றார் கூட வேலை செய்யும் இரத்தினசிங்கம்.

மனோரஞ்சிதத்தின் முகம் செத்துப்போனது. "நான் முந்திச் சொன்னா ஒண்டும் நடக்காது. ஆட்டத்துக்கு நான் போகேல்லை" என்று கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

(* நான்கு தரத்துக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து மற்றவனுக்கு. எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.)

2.

'2009 மே மாதத்து வெயில் இக்காஸ்ட்டின் கூரைகள் மேல்...'

வேண்டாம். இழவு வீட்டுக் கதைக்கு வெயில் வர்ணனை எதற்கு?

நடந்தது இது. எங்கள் கிறிஸ்தவ சபையில் சாட்சி சொல்லும்போது, இனிமேல் கிடைக்கப்போவதற்கும் கிடைத்துவிட்டதாகவே நன்றி சொல்வார்கள். அது விசுவாசம். 2009 ஏப்ரலில், நாங்கள் விட்டுவந்த நாட்டில் சண்டை கடற்கரையோரம் ஒடுங்கியபோது, மனோரஞ்சிதம் எழும்பி, "என்ர தம்பி ஜெயசிங்கம் உயிரோட வெளியில வந்ததுக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

மே மாதம் சண்டை முடிந்தது. தம்பி வரவில்லை. செத்தான் என்றும் சேதியில்லை. அதற்குப் பிறகு, போன ஞாயிறு வரைக்கும், அவர் சாட்சி சொல்ல எழும்பியதே இல்லை.

3.

[இந்த இடத்தில் தம்பியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வருவதாக ஒரு பக்கம் எழுதினேன். அழகாக வந்தது. கிழித்துவிட்டேன். அடிக்காத தொலைபேசியை அடிக்கவைக்க எனக்கு உரிமையில்லை.]

போன ஞாயிற்றுக்கிழமை. "சாட்சி சொல்ல ஆரும் இருக்கிறியளோ?" என்று பாஸ்டர் கேட்டார். மனோரஞ்சிதம் எழும்பினார். காலேப் அவர் கையைப் பிடித்து, வேண்டாம் என்று டேனிஷில் முணுமுணுத்தான். அவர் கையை உதறினார்.

"என்ர மகன்ர அணி சனிக்கிழமை வெண்டதுக்கு ஸ்தோத்திரம்!"

"அக்கா, ஆட்டம் இன்னும் நடக்கேல்லையே?"

"நடந்தாப் பிறகு ஆரும் சொல்லலாம், பாஸ்டர்."

சபை கொல்லென்று சிரித்தது. அவர் உட்காரவில்லை.

"என்ர தம்பி உயிரோட வந்ததுக்கும் ஸ்தோத்திரம். அந்த ஏப்ரலில சொன்னனான். திருப்பி எடுக்கேல்லை."

சிரிப்பு நின்றது. முதலில் 'ஆமென்' சொன்னது காலேப்தான். சபை முழுக்கக் கை தட்டியது.

4.

இன்று வெள்ளி. ஈரத்துணி ஏற்றிய வண்டியொன்று வாசற்படியில் இறுகிக்கொண்டது. மனோரஞ்சிதம் தோளைக் கொடுத்து, "தள்ளு!" என்று கத்தினார். இரத்தினசிங்கமும் தோள் கொடுத்தார். பக்கத்தில் நின்ற டேனிஷ்காரரும், "தள்ளு! தள்ளு!" என்றபடி ஓடிவந்தார்கள். வண்டி துள்ளிக்கொண்டு படியைத் தாண்டியது.

"பாத்தியளோ? நாளைக்கும் இதுதான். எல்லாரும் வாறியள், இப்பிடித்தான் கத்துறியள்" என்றார் மனோரஞ்சிதம்.

ஆட்டம் நாளைக்கு. அதனால் முடிவு என் கையில் இல்லை. அதை நீங்கள் எழுதுங்கள். தம்பியின் முடிவையும் நீங்களே எழுதுங்கள். ஆனால் மனோரஞ்சிதம் சொன்ன மாதிரியே, நடந்து முடிந்ததாகவே எழுதுங்கள்.