திட்டு விழுந்த நாட்கள்

சிவசங்கரிக்கும் அன்பரசிக்கும் ஆகாது என்பது, விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அந்தக் கம்பெனி வாசலில் டீ விற்பவருக்குக்கூடத் தெரியும். ஒருத்தி குடித்துவிட்டுப் போன பிறகுதான் இன்னொருத்தி வருவாள். கம்பெனி செய்வது மெயின் போர்டில் மாட்டும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை. அன்பரசி பிரஸ்ஸில் மண்ணை அழுத்திக் கட்டை எடுப்பவள். சிவசங்கரி செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு, அந்தக் கட்டைகளை அளந்து நல்லது கெட்டது சொல்ல வந்தவள்.

வந்த புதிதில் ஒருநாள், அன்பரசியின் கட்டை நாலைந்தை ஷெட்டே பார்க்கக் குப்பைக் குவியலில் வீசி, "இதையெல்லாம் நாய்கூட மோந்து பாக்காது" என்றாள் சிவசங்கரி. தன்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்று பார்க்கவில்லை. "படிச்ச திமிரு" என்று அன்பரசி எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள். அன்று மூண்டது அணையவே இல்லை.

அழுத்திய கட்டை காய்ந்து, சூளையில் வெந்து, ஆறி, சிவசங்கரியின் மேசைக்கு வர ஒரு வாரம் ஆகும். அதில் சிலதை எடுத்து உயரம் அளந்து, சராசரியைச் சுவரில் மாட்டிய சார்ட்டில் புள்ளியாக வைப்பாள். நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். எல்லைக்குள் புள்ளி கொஞ்சம் ஆடினால் பதறக்கூடாது, மண்ணும் நெருப்பும் அப்படித்தான் ஆடும் என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் படிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். புள்ளி நடுக்கோட்டை விட்டு ஒரு நூல் விலகினால் போதும், மேனேஜர் குருமூர்த்தியின் முன்னால் போய் நிற்பாள்.

குருமூர்த்திக்குச் சார்ட்டு புரியாது. திட்டத் தெரியும். நேரே பிரஸ்ஸுக்கு வருவார். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? கட்டை ஒசரம் கம்மியா வந்துருக்குதாம். சோறு திங்கறியா, வேற எதாச்சும் திங்கறியா?" அன்பரசி பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரை எடுப்பாள். கட்டையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பிரஸ்ஸின் திருகை ஒரு சுற்றுத் திருப்புவாள். சிவசங்கரி தூரத்தில் நின்று பார்ப்பாள். அவளுக்கு அன்றைய மதியச் சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும்.

சித்திரையில் புதுச்சேரி கம்பெனி ஒரு லோடை அப்படியே திருப்பி அனுப்பியது. பாதிக் கட்டை உயரம், பாதி குட்டை, மூடி பொருந்தவில்லை. குருமூர்த்தி சிவசங்கரியைக் கூப்பிட்டார்.

"திங்கக்கெழம எல்லார் முன்னாடியும் உன் சார்ட்ட காட்டும்மா. அதக் காட்டியே அவள வூட்டுக்கு அனுப்பிடறேன்."

அன்பரசியின் புருஷன் மாயவன் லோடு ஏற்றும்போது விழுந்து, இடுப்பு போய் வீட்டில் கிடந்தான். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் பிரஸ்ஸில் உட்காருவதால்தான். சிவசங்கரிக்கு அது தெரியும். தெரிந்தும் மனசு குளிர்ந்தது.

சனிக்கிழமை மதியம் சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்து மேசையில் விரித்தாள். எத்தனை முறை சொல்லியும் திருந்தாதவள் என்று காட்ட வேண்டும். குருமூர்த்தி திட்டிய நாட்களுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் அடியில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

ஒவ்வொரு சிவப்புக்கும் அடுத்த வாரம் புள்ளி எதிர்ப்பக்கம் தாவியிருந்தது. கம்மி என்று திட்டு விழுந்தால் அடுத்த வாரம் எகிறியது. அதிகம் என்று திட்டு விழுந்தால் கீழே விழுந்தது. மாசி மகத்துக்குக் கோயில் வேலையாக அலைந்து குருமூர்த்தி ஷெட்டுப் பக்கமே வராத நாட்களில் மட்டும் புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டி அமைதியாகப் போயிருந்தன. அப்போது திட்டும் இல்லை, திருகைத் திருப்பியவரும் இல்லை.

இதைப் படிக்க அந்தக் கம்பெனியில் வேறு ஆள் கிடையாது. சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, அவள்தான் சார் என்று கை காட்டினால் முடிந்தது. அந்த நினைப்பு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடவே இருந்தது. அன்பரசி மேல் இரக்கம் ஒன்றும் வந்துவிடவில்லை. பொய்யைச் சொல்லித்தான் அவளை ஜெயிக்க முடியும் என்பதுதான் கசந்தது.

திங்கட்கிழமை எல்லாரும் பிரஸ்ஸைச் சுற்றி நின்றார்கள்.

"தப்பு அவங்க மேல இல்ல சார்," என்றாள் சிவசங்கரி. "நாம திட்டறதுலதான் இருக்குது."

குருமூர்த்தியின் முகம் கறுத்தது.

"நான் இன்னிக்கு அளக்கறது போன வாரம் அழுத்துன கட்டை. அது கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா தானா சரியாப் போவும். நீங்க திட்டறீங்க, அவங்க நல்லா இருக்கற பிரஸ்ஸத் திருப்பறாங்க. அடுத்த வாரம் அது எகிறுது. மறுபடி திட்டறீங்க."

"அப்ப லோடக் கெடுத்தது நானா?"

"நான் வந்து சொன்னேன். நீங்க திட்டுனீங்க."

அவர் சார்ட்டை ஒருமுறை முறைத்தார். பிறகு, "சரி. யாரும் திருகத் தொட வேணாம். அடுத்த லோடும் திரும்பி வந்துச்சுன்னா ரெண்டு பேரும் சேந்தே பஸ்ஸு ஏறுங்க" என்றார்.

அன்பரசி ஸ்பேனரைக் கொண்டுவந்து சிவசங்கரியின் மேசையில் டொங்கென்று போட்டாள். "கையக் கட்டிப் போட்டுட்டு அப்பறம் கழுத்த அறுக்கலாம்னு பாக்கறீங்களா, மேடம்?"

"உங்களுக்காக ஒண்ணும் சொல்லல. கணக்கு அப்படிச் சொல்லுது."

"கணக்கு," என்று சொல்லிவிட்டு அன்பரசி திரும்பி நடந்தாள்.

ஸ்பேனர் மேசையிலேயே கிடந்தது. புள்ளி விலகும்போதெல்லாம் சிவசங்கரியின் கால் தானாகக் குருமூர்த்தியின் அறைப்பக்கம் திரும்பும், பிடித்து நிறுத்திக்கொள்வாள். புள்ளிகள் மெல்ல அடங்கின. புதுச்சேரிக்குப் போன லோடு திரும்பி வரவில்லை. குருமூர்த்தி அதைப்பற்றி வாயே திறக்கவில்லை, வேறு யாரையோ திட்டப் போய்விட்டார்.

லோடு தேறிய சேதி வந்த மறுநாள் அன்பரசி மேசைக்கு வந்தாள். கையெல்லாம் மண்.

"இத்தன நாளா நான் வாங்குன திட்டெல்லாம் சும்மாவா? அதுக்கு உங்க சார்ட்டுல எதாச்சும் இருக்குதா?"

சிவசங்கரி அடியிலிருந்த சிவப்புக் கோடுகளைக் காட்டினாள். அன்பரசி குனிந்து ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போனாள். சிலவற்றில் விரல் நின்று நகர்ந்தது. முடித்ததும் நிமிர்ந்தாள்.

"ஒண்ணு வுட்டுட்டீங்க, மேடம்."

"சார் திட்டுன நாளு எல்லாம் இருக்குதே."

"சாரு திட்டுனது இல்ல. நீங்க என் கட்டையக் குப்பையில வீசுன நாளு. அன்னிக்கு அவமானம் தாங்காமதான் மொத மொத ஸ்பேனரத் தொட்டேன். அதுவரைக்கும் அந்தத் திருகு மேல நான் கை வச்சதே இல்ல."

சிவசங்கரி சிவப்புப் பேனாவை எடுத்தாள். அந்த நாளைத் தேடிக் கோடு போட்டாள். அதற்கு முன்னால் இருந்த புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே இருந்தன. முதல் தாவல் அதற்கு அடுத்த வாரம்.

அன்பரசி அந்தச் சிவப்பு மை காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்பேனரை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போய், திருகைத் தொடாமல் அதை ஆணியில் மாட்டினாள்.